பன்னிரண்டே முக்காலுக்கு வரும் படிகள்

ஜெயசுதாவின் முனைவர் பட்ட ஆய்வுக்கு வயது பதினொன்று ஆகியிருந்தது. அவளுக்குப் பிறகு பதிவு செய்தவர்கள் எல்லாம் பட்டம் வாங்கி, பதவி வாங்கி, ஒருவர் துணைவேந்தர் ஆகும் ஆசைவரை போய்விட்டார். ஜெயசுதா மட்டும் கள்ளக்குறிச்சிக்கு வெளியே, கரும்புக் கொல்லைகளுக்கு நடுவே நிற்கும் மலையடி கலை அறிவியல் கல்லூரியில் இயற்பியல் துறைக் கௌரவ விரிவுரையாளராகவே இருந்தாள். அந்தப் பதவியின் பெயரில் கௌரவம் என்ற சொல் எதற்காக இருக்கிறது என்பதை அவள் சேர்ந்த நாளிலிருந்து தேடிக்கொண்டிருந்தாள். அதுவும் ஓர் ஆய்வுதான். அதற்கு வழிகாட்டி கிடைக்கவில்லை.

பிறந்தது தியாகதுருகத்தில், கோட்டை மலைக்குக் கிழக்கே. அப்பா வீரமுத்துவுக்கு மூன்று ஏக்கர் நிலமும், மகளை எதைப் படிக்க வைப்பது என்பது பற்றி முந்நூறு ஆலோசகர்களும் இருந்தார்கள். அவள் இயற்பியலில் சேர்ந்ததற்குப் பெரிய காரணம் எதுவும் கிடையாது. வேதியியலில் இடம் தீர்ந்துவிட்டது, அவ்வளவுதான். ஆனால் முதுகலையில் ஒருநாள் பேராசிரியர் ஒருவர் கறுப்பு வில்லை ஒன்றைத் திரவ நைட்ரஜனில் முக்கி எடுத்து, அதன்மேல் ஒரு காந்தத்தை வைத்தார். காந்தம் அந்தரத்தில் நின்றது. வகுப்பில் எல்லோரும் கைதட்டினார்கள். ஜெயசுதா கைதட்டவில்லை. “இது எப்பொ சார் விழும்?” என்று கேட்டாள். அந்த ஒரு கேள்வியால் அந்தப் பேராசிரியர் அவளுக்கு வழிகாட்டி ஆனார். அவளும் பதினோரு வருடம் மாட்டிக்கொண்டாள்.

அந்தக் கறுப்புப் பொருளுக்கு மீக்கடத்தி என்று பெயர். நன்றாகக் குளிர வைத்தால் அதற்குள் மின்சாரம் எந்தத் தடையும் இல்லாமல் ஓடும். தடையே இல்லை என்றால் தேய்மானம் இல்லை, சூடு இல்லை, ஒன்றும் இல்லை. கேட்பதற்கு அரசாங்க அறிவிப்பு மாதிரியே இருக்கும். ஓட்டை எங்கே என்றால், அந்தப் பொருள் ஒரே துண்டாக விளைவதில்லை. இரண்டு கொத்தனார்கள் ஒரே கூடத்தில் ஆளுக்கொரு மூலையிலிருந்து டைல்ஸ் ஒட்டிக்கொண்டு வந்தால் நடுவில் ஒரு கோடு விழுமே, ஒருவர் வரிசைக்கும் இன்னொருவர் வரிசைக்கும் கோணம் சேராமல், அந்த மாதிரி இதற்குள் படிகங்கள் கோணலாகச் சந்திக்கும் எல்லைகள் உண்டு. அந்த எல்லையைத் தாண்டும்போதுதான் மின்சாரம் முரண்டு பிடிக்கும். ஒரு அளவுவரை தடையே இல்லாமல் தாண்டும். அதற்கு மேல் ஒரு சொட்டு கூடினாலும் எல்லையில் மின்னழுத்தம் தலைகாட்டிவிடும். அந்த அளவு எவ்வளவு, எப்போது மாறும், ஏன் மாறும் என்பதுதான் ஜெயசுதாவின் ஆய்வு.

அவளிடம் இருந்தது கட்டை விரல் நகம் அளவு சில்லு ஒன்று. இருபத்து நான்கு பாகைக் கோணத்தில் ஒட்டிய இரண்டு படிகங்கள். மேலே மீக்கடத்திப் படலம். ஒட்டுக்குக் குறுக்கே தலைமுடியைவிட மெல்லிய ஏழு பாலங்கள். வழிகாட்டி ஓய்வு பெற்றபோது, “இத நீயே வெச்சிக்கோமா, எங்க வூட்ல இருந்தா பேரன் வாய்ல போட்டுக்குவான்” என்று கொடுத்துவிட்டுப் போனார்.

ஏழில் ஆறு செத்துப்போயிருந்தன. இரண்டை வழிகாட்டியே கொன்றிருந்தார். ஒன்று மழைக்கால ஈரத்தில் போனது. ஒன்றில் அவள் ஒரு குமிழைத் தவறான பக்கம் திருகினாள். மீதி இரண்டும் நைலான் புடவையால் செத்தன. உராய்வில் உடம்பில் ஏறும் மின்சாரம், கதவுக் கைப்பிடியைத் தொட்டால் ‘சுரீர்’ என்கிறதே, அதுவே அந்தப் பாலத்துக்கு இடி. அன்றிலிருந்து ஜெயசுதா பருத்திப் புடவை தவிர வேறு எதுவும் கட்டுவதில்லை. கல்லூரியில் அவளைக் கொள்கைக்காரி என்று நினைத்துச் சிலர் மரியாதை கொடுத்தார்கள். அவள் மறுக்கவில்லை, கிடைக்கிற மரியாதையை ஏன் விடவேண்டும்?

திரவ நைட்ரஜனுக்கு அவள் நம்பியிருந்த ஆள் வேடியப்பன். கல்வராயன் மலைமேல் கரியாலூருக்கு அப்பால் வீடு. மலையிலும் கீழேயும் மாடுகளுக்குச் சினை ஊசி போடுவது தொழில். காளைகளின் விந்தை உறைய வைத்த குச்சிகள் திரவ நைட்ரஜன் கேனுக்குள்தான் கிடக்கும். அந்தக் கேனை பைக்கின் பின்னால் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போவார். வாரத்தில் இரண்டு நாள் கல்லூரி வழியாகப் போகும்போது ஒரு மணி நேரம் கேனை ஜெயசுதாவிடம் விடுவார். அவள் சில்லைக் கட்டிய நீளக் கம்பியை, குச்சிகளுக்குப் பக்கத்தில், கேனின் குறுகிய கழுத்து வழியாக இறக்குவாள். மைனஸ் நூற்றுத் தொண்ணூற்றாறு டிகிரியில் ஒரு பக்கம் ஜெர்சி காளை, இன்னொரு பக்கம் முர்ரா எருமைக் கிடா, நடுவில் இருபத்தோராம் நூற்றாண்டின் இயற்பியல்.

“இதுக்குள்ள அப்டி இன்னாதான் மேடம் பாக்கறீங்க?” என்று முதல்முறை வேடியப்பன் கேட்டார்.

“எவ்ளோ கரண்டு தாங்குதுன்னு பாக்கறேண்ணா.”

“எம்மாம் தாங்கும்?”

“கால் மில்லி ஆம்பியருக்கும் கம்மி.”

“இதுக்கா பதினோரு வருசம்?” என்றார் வேடியப்பன். அந்தக் கேள்வியை மாமியார் கேட்டபோது வராத வலி அவர் கேட்டபோது வந்தது. அவர் நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

எப்படியோ ஆய்வேட்டை எழுதிச் சமர்ப்பித்தாள். நான்கு மாதம் கழித்து வெளித் தேர்வாளரிடமிருந்து குறிப்பு வந்தது. யாரோ, எங்கோ வடக்கே இருப்பவர். மற்ற அத்தியாயங்களை அவர் ஒன்றும் சொல்லவில்லை. நான்காவதில் மட்டும் கை வைத்திருந்தார். மின்னோட்டத்துக்கும் மின்னழுத்தத்துக்குமான வளைகோட்டில் சின்னச் சின்னப் படிகள் தெரிகின்றன. ஆய்வாளர் இவற்றை ‘அடையாளம் தெரியாத மூலத்தால் ஏற்பட்ட மேடுபள்ளங்கள்’ என்று ஒரே வரியில் தாண்டிவிட்டார். விளக்குக, அல்லது கருவி பழுது என்று ஒப்புக்கொண்டு அத்தியாயத்தை நீக்குக. ஆறு மாதம் அவகாசம்.

ஜெயசுதாவுக்குக் காது சூடாகிவிட்டது. அந்த ஒரு வரியை அவள் வேண்டுமென்றேதான் எழுதியிருந்தாள், யாரும் கவனிக்க மாட்டார்கள் என்று. பதினோரு வருடத்தில் அவள் எழுதியதை ஒருவர் உண்மையிலேயே படித்திருக்கிறார் என்பது ஒரு பக்கம் சந்தோஷம். அந்த வரியையா படிக்கவேண்டும்?

அன்று வீட்டுக்குப் போகாமல் ஆய்வகத்தில் உட்கார்ந்து பழைய வளைகோடுகளை எல்லாம் மேசையில் பரப்பினாள். சில நாள் வளைகோடு வழுவழு என்று இருந்தது. சில நாள் படிக்கட்டு. படிக்கட்டு வந்த நாட்களில் எல்லாம் படியின் உயரம் ஒன்றே: ஐந்து மைக்ரோவோல்ட்டுக்குக் கொஞ்சம் மேல். ஒரு வோல்ட்டைப் பத்து லட்சமாகக் கிள்ளினால் வரும் துணுக்கு ஒரு மைக்ரோவோல்ட்.

அவளுக்குத் தெரிந்த ஒரே சமாதானம் இதுதான். இப்படிப்பட்ட ஒட்டின்மேல் ரேடியோ அலை விழுந்தால் வளைகோட்டில் படி விழும். படியின் உயரத்தைத் தீர்மானிப்பது அலையின் அதிர்வெண் மட்டும். சில்லு நல்லதா, மட்டமா, அளந்தவர் நிரந்தரமா, தற்காலிகமா என்பதை எல்லாம் அந்தக் கணக்கு பார்க்காது. செல்போன் கோபுரத்தின் அலையாக இருந்தால் படி இரண்டு மைக்ரோவோல்ட் சுமாருக்கு வரவேண்டும். ஐந்து வந்தால் அலை நொடிக்கு இருநூற்று நாற்பத்தைந்து கோடி அதிர்வு.

“வைஃபை!” என்று தனியாகச் சொல்லிக்கொண்டாள்.

கல்லூரியில் வைஃபை இருந்தது. அது வேலை செய்கிறது என்பதற்கு அதுவரை கிடைத்த ஒரே ஆதாரம் இந்தப் படிகள்தான். அடுத்த முறை வேடியப்பன் கேனை விட்டபோது அந்தப் பெட்டியின் வயரைப் பிடுங்கிவிட்டு அளந்தாள். படி அப்படியே வந்தது. வைஃபை இல்லை என்று மூன்று நாளைக்கு யாரும் புகார் சொல்லவும் இல்லை.

அவள் கணவன் தமிழரசன் துருகம் சாலையில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருந்தான். பம்புசெட்டு, மிக்சி, கிரைண்டர், எது எரிந்தாலும் அவனிடம்தான் வரும். மனைவியின் ஆராய்ச்சியைப் பற்றி அவனுக்கு இருந்த ஒரே குறை, இத்தனை வருடத்தில் அது ஒரு தரம்கூடப் புகை விடவில்லையே என்பதுதான். அன்று மடிக்கணினியில் படிக்கட்டைக் காட்டினாள். அவன் சோற்றுக் கையோடு குனிந்து பார்த்தான்.

“இன்னா சுதா இது, ரெண்டு கோடு ஒன்னுமேல ஒன்னு கீறன மாதிரி கீது?”

“ஆமாங்க. படி இருக்கற கோடு ஒன்னு, இல்லாதது ஒன்னு. பாதி நேரம் அலை வந்து பாதி நேரம் வராம இருந்தா இப்டி மங்கலா தெரியும்.”

“பாதி நேரம்னா? கரண்டு ஒரு தபா மேல போய் கீழ வர்றதுல பாதியா?”

அவள் சோறு பிசைவதை நிறுத்தினாள். “அவ்ளோ வேகமா அணைஞ்சு எரியறது எதுங்க இருக்குது?”

“மைக்ரோவேவ் அடுப்பு. போன வாரம்கூட ஒன்னு பிரிச்சேன். உள்ள இருக்கற குழா கரண்டோட ஒரு பாதிக்குத்தான் எரியும், மறுபாதிக்குச் சும்மா கெடக்கும். அது கதவு சரியா மூடலன்னு வெச்சிக்கோ, சுத்தி எல்லா இடத்துக்கும் கசியும்.”

“காலேஜ்ல ஏதுங்க அடுப்பு? கேன்டீன்லயே இப்போ அடுப்பு பத்தவிடறது இல்ல.”

அது உண்மை. முதல்வர் அறிவுச்செல்வன் அந்த வருடம் ‘நலமான வளாகம்’ என்று ஓர் இயக்கம் தொடங்கியிருந்தார். கேன்டீனில் பஜ்ஜி, போண்டா, சமோசா எல்லாம் தடை செய்யப்பட்டன. அந்த இடத்தில் முளைகட்டிய பயறும் வெள்ளரித் துண்டும் வந்தன. வாரத்துக்கு ஒருநாள் எல்லோரையும் மைதானத்தில் நிற்கவைத்து எண்ணெயின் தீமை பற்றி முக்கால் மணி நேரம் பேசுவார். தான் மதியத்தில் ஒரு கிண்ணம் கம்பங்கூழ் மட்டுமே குடிப்பதாகவும், அதனால் பத்து வயது குறைந்துவிட்டதாகவும் சொல்வார். வயது குறைந்திருக்கலாம், எடை குறைந்த மாதிரி தெரியவில்லை.

ஜெயசுதா அளந்த நேரங்களைத் திரும்பப் பார்த்தாள். படி வந்தது எல்லாம் பன்னிரண்டே முக்காலை ஒட்டி, ஐந்து நிமிடம், அதிகம் போனால் எட்டு நிமிடம். தேடுவது என்று முடிவு செய்தாள். தேடுவதற்கு அவளிடம் இருந்த ஒரே கருவி அந்த ஏழாவது பாலம்தான். அடுப்பு பக்கத்தில் வர வர அலை பலமாகும்; பலமானால் படியின் உயரம் மாறாது, அகலம் கூடும். ஆய்வகத்தில் கேஸ் சிலிண்டர் தள்ளும் வண்டி ஒன்று இருந்தது. அதில் நைட்ரஜன் கேன், பேட்டரி, அளவுக் கருவி, மடிக்கணினி எல்லாவற்றையும் ஏற்றிக் கட்டினாள்.

வேடியப்பனுக்கு இது பிடிக்கவே இல்லை. “மேடம், உள்ள இருபத்தஞ்சு ஊசி கீது. கச்சிராயபாளையத்துல ஒரு மாடு காலைலேருந்து கத்திக்கினு நிக்குது. நீங்க இன்னாடான்னா தேர் இழுக்கறீங்க.”

“பத்தே நிமிசம்ணா.”

“மாட்டுக்கு அதெல்லாம் புரியாதுங்க மேடம்.”

ஆனாலும் வண்டியின் மறுபக்கத்தை அவரேதான் பிடித்துத் தள்ளினார். ஒருநாள் மாடி நடைவழி, ஒருநாள் நூலகம், ஒருநாள் தமிழ்த்துறை வாசல். ஒவ்வொரு இடத்திலும் நின்று அளந்து, கல்லூரி வரைபடத்தில் படியின் அகலத்தைக் குறித்தாள். நூலகத்தில் சின்னப் படி. தமிழ்த்துறையில் இன்னும் சின்னது. அலுவலகப் பக்கம் வந்தபோது படி நன்றாக வளர்ந்தது. மூன்றாவது வாரம், ஒரு புதன்கிழமை, வண்டி கீழ்த்தளத்தின் கடைசியில் இருந்த அறையின் முன்னால் நின்றது. இரட்டைப் பூட்டு, இரும்புக் கதவு, மேலே ‘தேர்வுக் கேள்வித்தாள் பாதுகாப்பு அறை. அனுமதியின்றி உள்ளே வரக் கூடாது’ என்று சிவப்பில் எழுத்து. பூட்டு இரண்டும் திறந்து தொங்கிக்கொண்டிருந்தன.

திரையில் படி இல்லை. எதுவுமே இல்லை. தடையில்லாமல் ஓடும் பகுதி முழுக்க அழிந்து, வளைகோடு சாதாரணச் செம்புக் கம்பியின் கோடு மாதிரி சாய்ந்து கிடந்தது. அலை அவ்வளவு பலம். உள்ளேயிருந்து சால்னா வாசனை வந்தது.

கதவு திறந்தது. எவர்சில்வர் தட்டோடு வெளியே வந்தவள் அலுவலக உதவியாளர் ராஜாம்பாள். கல்லூரியின் எல்லாச் சாவிகளும், அதைவிட முக்கியமாக எல்லாச் செய்திகளும் அவளிடம்தான் இருக்கும். வண்டியையும் கேனையும் வேடியப்பனையும் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள்.

“ராஜாம்பாக்கா, உள்ள இன்னா?”

“கேள்வித்தாளுங்க மேடம்.”

“கேள்வித்தாள்ல சால்னா வாசனை வருது.”

“பழைய கேள்வித்தாளுங்க.”

உள்ளே ‘டிங்’ என்று மணி அடித்தது. அதே கணத்தில் திரையில் வளைகோடு நிமிர்ந்து, படிகள் ஒன்றுகூட இல்லாமல், வழுவழு என்று ஆனது. ஜெயசுதா தன்னை மறந்து, “போய்டுச்சு! போய்டுச்சுண்ணா!” என்று கத்தினாள்.

“யாரும்மா அது?” என்று கேட்டபடி முதல்வர் அறிவுச்செல்வன் வாசலுக்கு வந்தார். கையில் பீங்கான் தட்டில் கொத்துப் பரோட்டா. மேலே பொரித்த கோழிக் கால் ஒன்று, கொடி மாதிரி நட்டுக்கொண்டு நின்றது.

வேடியப்பன்தான் முந்திக்கொண்டு, “நல்லா சூடு பண்ணி சாப்ட்டா ஒன்னும் பண்ணாதுங்க சார்” என்று ஆறுதல் சொன்னார்.

ஜெயசுதாவுக்குப் பயப்பட நேரம் இல்லை. அடுப்பு அணைந்துவிட்டது, மணி பன்னிரண்டு ஐம்பத்தொன்று, வேடியப்பன் இன்னும் ஐந்து நிமிடத்தில் கேனைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார். “சார், அத இன்னொரு தபா ஆன் பண்ணுங்க சார்” என்றாள்.

“இன்னாது?”

“தட்ட உள்ள வெச்சு ஒரு நிமிசம் ஆன் பண்ணுங்க. ப்ளீஸ் சார்.”

அந்தக் குரலில் இருந்த அவசரத்தில் முதல்வர் தன்னையறியாமல் உள்ளே போய்ப் பொத்தானை அழுத்தினார். வளைகோடு சரிந்தது. “ஆஃப் பண்ணுங்க.” நிமிர்ந்தது. “ஆன்.” சரிந்தது. வண்டியைப் பத்தடி பின்னால் தள்ளி, “ஆன்” என்றாள், படிகள் வந்தன. ஆறாவது தடவை கோழிக் கால் செருப்புத் தோல் ஆகிவிட்டது. முதல்வர் தாவரவியல்காரர், மின்சாரத்தைப் பார்த்தால் ஒதுங்கிப் போகிறவர். அவரே வெளியே வந்து திரையைப் பார்த்து, “நான் அங்க அழுத்தினா இங்க தெரியுதா?” என்று வாயைப் பிளந்தார். பிறகுதான் அவருக்கு நிலைமை உறைத்தது.

“இத ஆய்வேட்டுல எழுதுவீங்களா மேடம்?”

“எழுதணும் சார். அதத்தான் கேட்டிருக்காங்க.”

“அடையாளம் தெரியாத மூலம்னு போட்டுட்டா போச்சு.”

“அப்டி போட்டதுக்குத்தான் சார் திருப்பி அனுப்சாங்க.”

முதல்வர் தொண்டையைக் கனைத்தார். “ஜூன்ல உங்க ஆர்டர் புதுப்பிக்கணும் இல்ல? நல்லா யோசிச்சுச் செய்யுங்க” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று மாலை பேருந்தில் ஜெயசுதா யோசித்தாள். உண்மையிலேயே பயமாக இருந்தது. அவளுக்கு நாற்பத்து இரண்டு வயது. இன்னொரு கல்லூரியில் போய்ப் புதிதாகக் கௌரவம் தேட முடியாது. ஒரே ஒரு சொல்லை மாற்றினால் போதும், யாருக்கும் நஷ்டம் இல்லை. ஆனால் அந்தச் சொல்லை மறுபடி எழுதுவதாக நினைத்தாலே கை கூசியது. முதல் தடவை எழுதியபோது அவளுக்கு உண்மை தெரியாது. இப்போது கோழிக் கால்வரை தெரியும்.

தமிழரசன் முழுக்கதையையும் கேட்டுக் கண்ணில் நீர் வரச் சிரித்தான். சிரித்து முடித்து, “அடுப்ப நீ கேட்டு வாங்கிக்க” என்றான்.

“எதுக்குங்க?”

“அடுத்த வாரம் பரீட்சைக்கு முன்னாடி பறக்கும் படை அந்த ரூம பாக்க வரும்ல? அவரே அத எங்க ஒளிக்கறதுன்னு தெரியாம முழிச்சிக்கினு இருப்பாரு. உன் லேபுக்கு வந்தா அது ஆராய்ச்சி சாமான். அங்க இருந்தா குத்தம்.”

மறுநாள் அவள் ஒரு விண்ணப்பம் எழுதினாள்: ஆய்வகப் பயன்பாட்டுக்கு இருநூற்று நாற்பத்தைந்து கோடி அதிர்வெண் நுண்ணலை மூலம் ஒன்று தேவைப்படுகிறது, வளாகத்தில் அப்படி ஏதும் இருந்தால் வழங்கி உதவுமாறு கேட்டுக்கொள்கிறேன். முதல்வர் அதை இரண்டு முறை படித்தார். அவளை ஒரு முறை பார்த்தார். ‘வழங்கலாம்’ என்று பச்சை மையில் எழுதினார். மாலைக்குள் ராஜாம்பாள் அடுப்பைத் துணியில் சுற்றி, பிள்ளையைத் தூக்குகிற மாதிரி இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்து மேசையில் வைத்தாள்.

“நா எதுவும் சொல்லல மேடம். நீங்களா கண்டுபுடிச்சிக்கினீங்க. அத மட்டும் ஞாபகத்துல வெச்சிக்கோங்க.”

இப்போது அடுப்பை வைத்து ஒழுங்காக அளக்க முடிந்தது. தூரத்தை மாற்றினாள், படி சொன்னபடி மாறியது. ஆனால் தேர்வாளர் கேட்கப்போகும் அடுத்த கேள்வி அவளுக்குத் தெரியும்: அலையே இல்லாத இடத்தில் இந்த ஒட்டு எப்படி நடந்துகொள்கிறது? கள்ளக்குறிச்சியில் அலை இல்லாத இடம் கிடையாது. கரும்பாலை, அரிசி ஆலை, வெல்டிங் பட்டறை, கோபுரங்கள். கரண்டு போனால் இன்னும் மோசம், ஊர் முழுக்க ஜெனரேட்டர் கதறும்.

வழி சொன்னவர் வேடியப்பன். “எங்க வூட்டாண்ட வாங்க மேடம். மாசத்துக்கு ஒருநாள் பராமரிப்புன்னு காலைலேருந்து சாய்ங்காலம் வரைக்கும் கரண்ட நிறுத்திடுவாங்க. கோபுரமும் மலைக்கு அந்தாண்ட. போன்ல ஒரு புள்ளிகூட நிக்காது.”

தை மாதத்து வெயில் நாளில் தமிழரசன் ஒரு குட்டியானை வண்டியை எடுத்து, சாமான்களை மெத்தையில் சுற்றி ஏற்றி, வளைவு வளைவாக மலை ஏறினான். வேடியப்பனின் மனைவி பச்சையம்மாள், காலைக் குளிரில் நடுங்கிக்கொண்டிருந்த ஜெயசுதாவுக்குத் தன் சிவப்பு ஸ்வெட்டரைப் போட்டுவிட்டாள். ஒன்பது மணிக்குக் கரண்டு போனது. கேழ்வரகுக் கொல்லை ஓரத்தில் கயிற்றுக் கட்டில் போட்டு, அதன்மேல் கருவிகளை வைத்து, பேட்டரியில் இணைத்து, கம்பியை மெல்ல மெல்லக் கேனுக்குள் இறக்கினாள்.

வளைகோடு வந்தது. முதலில் நேராகத் தரையில் ஓடியது, தடை பூஜ்யம். எல்லையின் அளவு வந்ததும் ஒரு அசைவு இல்லாமல், ஒரு நடுக்கம் இல்லாமல் வளைந்து மேலே ஏறியது. பதினோரு வருடமாக அவள் அளந்துகொண்டிருந்தது இந்த ஒட்டை அல்ல, ஊரின் இரைச்சலை என்று அப்போதுதான் தெரிந்தது. ஒட்டு தாங்கும் அளவு, அவள் இத்தனை நாள் எழுதிவந்ததைவிட ஐந்தில் ஒரு பங்கு கூடுதல். இருபது முறை அளந்தாள். இருபது கோடும் ஒன்றின்மேல் ஒன்று படுத்தன. “ஏங்க, இங்க பாருங்க” என்றாள். தமிழரசன் பார்த்தான். இந்த முறை கிண்டல் செய்யவில்லை.

“எல்லாம் சேமிச்சிட்டியா?”

“சேமிச்சிட்டேன்.”

வெயில் ஏறியிருந்தது. வியர்த்தது. ஜெயசுதா ஸ்வெட்டரைத் தலைவழியாக இழுத்துக் கழற்றினாள். முடி எல்லாம் சிலிர்த்து நின்று படபடவென்று பொரிந்தது. அந்தச் சந்தோஷத்தில், நைலான் புடவைக்குப் பிறகு ஒருநாளும் மறக்காத, பாலத்தைக் காக்கும் பாதுகாப்புச் சுவிட்சைப் போடாமல், கம்பியின் முனையைத் தொட்டாள். விரலில் சின்னதாக ‘சுரீர்’ என்றது. திரையில் கோடு படுத்தது.

“இன்னா ஆச்சு மேடம்?” என்று வேடியப்பன் பதறினார்.

“செத்துட்ச்சுண்ணா. கடைசிப் பாலம்.”

அவர் அவசரமாகக் கேனுக்குள் எட்டிப் பார்த்தார். “முர்ரா?”

“உங்க கிடாவுக்கு ஒன்னும் இல்லண்ணா.”

அவர் விட்ட பெருமூச்சைக் கேட்டதும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கும்போதே அழுகையும் வந்தது. பச்சையம்மாள் இரண்டுக்கும் சேர்த்து ஒரு சொம்பு மோர் கொண்டு வந்து கொடுத்தாள்.

வாய்மொழித் தேர்வு கல்லூரி அரங்கிலேயே நடந்தது. தேர்வாளர் திரை வழியாக வந்தார். எதிர்பார்த்ததைவிட இளையவர், எதிர்பார்த்ததைவிட நன்றாகச் சிரிப்பவர். முதல் வரிசையில் முதல்வர், பக்கத்தில் துறைத்தலைவர்கள், சுவர் ஓரமாக ராஜாம்பாள், அவளுக்குப் பின்னால் ஒன்றும் புரியாமல் புதுச் சட்டையில் வேடியப்பன். ஜெயசுதா ஒவ்வொரு படமாகக் காட்டிக்கொண்டு போனாள். கல்லூரி வரைபடம் வந்தது, இடத்துக்கு இடம் படியின் அளவு எழுதியபடி. மூலம் என்ன என்று தேர்வாளர் கேட்டார். மைக்ரோவேவ் அடுப்பு என்றாள். அது எங்கே இருந்தது என்று அவர் கேட்டார்.

அவள் முதல்வரைப் பார்க்கவில்லை. சுட்டியைக் கீழ்த்தளத்தின் கடைசி அறைமேல் வைத்து, “இந்த அறையில்” என்றாள்.

அந்த அறை எது என்று தேர்வாளருக்குத் தெரியாது. அரங்கில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். பின்வரிசையிலிருந்து தொடங்கிய சிரிப்பு முன்வரிசைக்கு வர அரை நிமிடம் ஆனது. அதற்குள் அறிவுச்செல்வன் எழுந்து, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, “ஆராய்ச்சிக்குப் பயன்படட்டும்னு நம்ம கல்லூரி நிர்வாகம் அத முன்கூட்டியே வாங்கி வெச்சிருந்தது” என்று கணீரென்று சொன்னார். சொல்லிவிட்டு அவரே முதலில் கைதட்டினார். அந்தத் தைரியத்தை ஜெயசுதா உள்ளூர மெச்சினாள். அடுத்த திங்கட்கிழமை கேன்டீனில் பஜ்ஜி வந்துவிட்டது. ஜூன் மாதம் அவள் ஆர்டரும் வந்தது, ஒரு சொல்கூட மாறாமல், கௌரவத்தோடு.

வாய்மொழித் தேர்வு முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு தேர்வாளர் இணைப்பைத் துண்டிக்காமல் இருந்தார். மலையில் எடுத்த அந்தச் சுத்தமான வளைகோட்டை மறுபடி காட்டச் சொன்னார். வெகு நேரம் பார்த்தார். தன் பல லட்ச ரூபாய்க் கவச அறையில்கூட இத்தனை அமைதி கிடைக்கவில்லை என்றும், தன்னிடம் முப்பத்தாறு பாகைச் சில்லு ஒன்று சும்மா இருக்கிறது, அனுப்பினால் அதே இடத்தில் வைத்து அளந்து தர முடியுமா என்றும் கேட்டார்.

“மலைல பராமரிப்பு என்னைக்குன்னு கேட்டுச் சொல்றேன் சார்” என்றாள் முனைவர் ஜெயசுதா.